புட்டிக்குள் முளைத்த பெரணி: டாக்டர் வார்டு தந்த கண்ணாடிப் பெட்டி

உங்கள் தோட்டத்துப் பழைய கிணற்றை ஒருமுறை எட்டிப் பாருங்கள். கல் இடுக்குகளில் சிறு சிறு இலைகளோடு பெரணிகள் தொங்கும். யாரும் விதைக்கவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை, உரம் வைக்கவில்லை. ஆனாலும் ஆண்டு முழுவதும் பச்சையாக நிற்கின்றன. அதே பெரணியைப் பிடுங்கி வந்து, நல்ல மண் நிரப்பிய தொட்டியில் வைத்து முற்றத்தில் வைத்தால் சில நாட்களில் நுனி கருகிவிடும். மண் சரியாக இருந்தும் ஏன் கருகுகிறது?

இந்தக் கேள்விக்கு விடை கண்டவர் லண்டனில் வாழ்ந்த ஒரு மருத்துவர். பெயர் நத்தானியல் பாக்‌ஷா வார்டு. அவர் வேளாண் விஞ்ஞானி அல்ல, பெரிய பண்ணையாரும் அல்ல. நோயாளிகளைப் பார்த்து முடித்த பிறகு கிடைத்த நேரத்தில் செடி வளர்த்தவர். அவர் கண்டுபிடித்த கண்ணாடிப் பெட்டி இல்லாவிட்டால் இமயமலைச் சரிவில் சீனத் தேயிலையும், நீலகிரியில் சின்கோனாவும், இலங்கையில் ரப்பரும் வந்து சேர்ந்த கதை வேறு மாதிரி இருந்திருக்கும். இன்று நீங்கள் பாலித்தீன் கூடாரம் போட்டு மிளகுக் குச்சிகளுக்கு வேர் பிடிக்க வைக்கிறீர்களே, அதற்கும் அந்தப் பெட்டிக்கும் அடிப்படை ஒன்றுதான்.

கப்பல் ஏறிய சிறுவன்

வார்டு 1791இல் லண்டனில் பிறந்தார். தந்தையும் மருத்துவர். சிறுவனுக்கோ கடல் மீது ஆசை. 13 வயதில் கப்பலில் ஜமைக்கா தீவுக்குப் போனார். கடல் வாழ்க்கை அந்த ஒரு பயணத்தோடு அவருக்குப் போதும் என்றாகிவிட்டது. ஆனால் அங்கே கண்ட பனை மரங்களும், மலைச் சரிவுகளில் அடர்ந்து கிடந்த பெரணிகளும் மனதைவிட்டு அகலவில்லை. ஊர் திரும்பி மருத்துவம் படித்தார். அந்தக் காலத்தில் மருந்துகள் பெரும்பாலும் செடிகளிலிருந்து வந்ததால் மருத்துவ மாணவர்கள் தாவரவியலும் கற்க வேண்டும். செல்சியாவில் இருந்த மூலிகைத் தோட்டத்தில் நடந்த வகுப்புகளும், ஆசிரியரோடு வயல்வெளிகளுக்குச் செடி சேகரிக்கப் போன நடைகளும் அவரைச் செடிப் பித்தராகவே ஆக்கிவிட்டன.

பிறகு தந்தையின் தொழிலையே ஏற்று, கிழக்கு லண்டனில் துறைமுகத்தை ஒட்டிய வெல்குளோஸ் சதுக்கத்தில் மருத்துவம் பார்த்தார். ஏழைத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதி அது. அதிகாலையில் எழுந்து ஊருக்கு வெளியே நடந்துபோய்ச் செடிகள் சேகரித்து வருவார். பிறகு நாள் முழுவதும் நோயாளிகள்.

புகையில் செத்த செடிகள்

அவருக்கு ஒரு சின்ன ஆசை. வீட்டுப் பின்புறத்தில் பெரணியும் பாசியும் படர்ந்த ஒரு நிழல் தோட்டம் வேண்டும். கற்களை அடுக்கிச் சுவர்போல் எழுப்பினார். உச்சியில் துளையிட்ட குழாயைப் பதித்து, நீர் சொட்டுச் சொட்டாகக் கல்லில் வழியும்படி செய்தார். இன்று நாம் சொட்டு நீர் என்கிறோமே, ஏறக்குறைய அதே ஏற்பாடு. நல்ல பெரணிகளைத் தேடிக் கொண்டுவந்து நட்டார். எல்லாம் வாடிச் செத்தன. மீண்டும் நட்டார். மீண்டும் செத்தன.

நீர் இருந்தது, நிழல் இருந்தது, மண்ணும் இருந்தது. கெட்டுப்போயிருந்தது காற்று. அன்றைய லண்டன் முழுக்க நிலக்கரிப் புகை. வீட்டு அடுப்பிலும் ஆலைக் கொதிகலனிலும் நிலக்கரிதான் எரிந்தது. கந்தக வாயுவும் கரித்தூளும் இலைகளில் படிந்தன. தடித்த இலைச் செடிகள் ஓரளவு தாக்குப்பிடித்தன. மெல்லிய இலை கொண்ட பெரணிகளால் முடியவில்லை. கடைசியில் வார்டு முயற்சியைக் கைவிட்டுவிட்டார்.

பூச்சிக்கு வைத்த புட்டி

1829 கோடைக்காலம். வார்டுக்குப் பூச்சிகளைக் கவனிக்கும் பழக்கமும் உண்டு. ஓர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவைக் கொண்டுவந்து, அகன்ற வாய் கொண்ட கண்ணாடிப் புட்டியில் ஈர மண்ணுக்குள் புதைத்து மூடி போட்டு வைத்தார். பூச்சி வெளிவருவதைப் பார்ப்பதுதான் நோக்கம்.

புட்டியைத் தினமும் கவனித்தவர் ஒன்றைக் கண்டார். பகல் சூட்டில் மண்ணின் ஈரம் ஆவியாக எழுந்து கண்ணாடியில் முத்து முத்தாகப் படிந்தது. பிறகு வழிந்து மண்ணுக்கே திரும்பியது. மண் காயவே இல்லை. பூச்சி வெளிவர ஏறக்குறைய ஒரு வாரம் இருந்தபோது மண்ணின் மேல் இரண்டு பச்சைப் பொட்டுகள் தெரிந்தன. ஒன்று ஒரு புல். மற்றொன்று பெரணி. ஆண் பெரணி என்று அந்நாட்டார் அழைக்கும் வகை.

எவ்வளவோ பாடுபட்டும் தோட்டத்தில் வளராத பெரணி, கேட்காமலே புட்டிக்குள் வந்து நின்றது. இங்கேதான் வார்டு மற்றவர்களிடமிருந்து வேறுபட்டார். பூச்சிப் புட்டியில் களை முளைத்துவிட்டது என்று நம்மில் பலர் பிடுங்கி எறிந்திருப்போம். அவர், இந்தச் செடிக்கு இங்கே கிடைப்பது என்ன, வெளியே கிடைக்காதது என்ன என்று யோசித்தார். ஈரக் காற்று, வெளிச்சம், அளவான வெப்பம், புகை புகாத இடம். இவைதான் விடை.

புட்டியைத் தம் படிப்பறையின் வடக்கு நோக்கிய ஜன்னலுக்கு வெளியே வைத்தார். ஏறத்தாழ 4 ஆண்டுகள் அந்தப் புல்லும் பெரணியும் உயிரோடு இருந்தன. ஒருமுறைகூடத் தண்ணீர் விடவில்லை. பெரணி ஆண்டுக்கு 3, 4 இலைகள் விட்டது. புல் ஒருமுறை பூத்தது. கடைசியில் அவர் வெளியூர் போயிருந்த சமயம் மூடி துருப்பிடித்து, மழைநீர் உள்ளே புகுந்து செடிகள் அழுகிவிட்டன. வறட்சி கொல்லவில்லை, நீர் மிகுந்ததுதான் கொன்றது. நாற்றங்கால் வைத்திருப்பவர்கள் மனதில் வைக்க வேண்டிய செய்தி இது.

உள்ளே நடப்பது என்ன?

ஒரு செடி வேரால் உறிஞ்சும் நீரில் மிகப் பெரும் பகுதியை இலை வழியே ஆவியாக விட்டுவிடுகிறது. வெளிக்காற்று உலர்ந்திருந்தால் இழப்பு அதிகம், ஈரமாக இருந்தால் குறைவு. வேர் கொடுக்கும் நீரைவிட இலை இழக்கும் நீர் கூடினால் செடி வாடும். மண்ணில் ஈரம் இருந்தாலும் வாடும். முற்றத்துத் தொட்டியில் கிணற்றுப் பெரணி கருகியதற்குக் காரணம் இதுதான்.

மூடிய புட்டியில் காற்று ஈரத்தால் நிறைந்துவிடுகிறது. இலை இழக்கும் நீர் மிகக் குறைவு. இழந்ததும் கண்ணாடியில் படிந்து மண்ணுக்கே வந்துவிடுகிறது. பகலில் செடி கரியமில வாயுவை எடுத்துப் பிராணவாயுவை விடுகிறது. செடியும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் சுவாசித்து மறுபடியும் கரியமில வாயுவை விடுகின்றன. இதனால் நீண்ட நாள் தாக்குப்பிடிக்கிறது. காற்று சிறிதும் புகாத பெட்டி என்று இதைப் பலர் தவறாக எண்ணினார்கள். அப்படியல்ல என்று வார்டே விளக்கினார். சிறு இடுக்குகள் வழியே காற்று மெல்ல வந்து போகும். வெளிப் புகையும் உலர்காற்றும் மொத்தமாகப் புகாது, அவ்வளவே.

பெரணிக்கு இது ஏன் மிகவும் பொருந்துகிறது? பெரணி பூக்காது, காய்க்காது, விதை கிடையாது. இலையின் அடிப்புறத்தில் பழுப்பு நிறப் பொட்டுகளாகத் தெரிபவை வித்துத் தூள் பைகள். தூசியைவிடச் சிறிய அந்தத் தூள் காற்றில் பறந்து எங்கும் விழும். ஈரமான இடத்தில் விழுந்தால் முதலில் நகக்கண் அளவில் இதய வடிவ மெல்லிய பச்சைத் தகடு உருவாகும். அதில் ஆண் அணு பெண் அணுவை நீந்திச் சென்று சேரப் படலம்போலாவது நீர் வேண்டும். அதன் பிறகே நாம் பெரணி என்று அறியும் செடி எழும். வார்டு புட்டியில் போட்ட மண்ணில் அந்தத் தூள் ஏற்கனவே இருந்திருக்க வேண்டும். ஈரம் நிலைத்ததால் முளைத்தது.

பெரணிகளிலேயே மிக மென்மையானவை சவ்வுப் பெரணிகள். அயர்லாந்தின் கில்லார்னி பகுதியில், அருவிச் சாரல் படும் இருண்ட பாறைகளில் வளரும் கில்லார்னி பெரணி அந்த வகை. நரம்புகளுக்கு இடையே அதன் இலை ஒரே ஓர் உயிரணு கனம்தான். கண்ணாடிபோல ஒளி ஊடுருவும். நீர் இழப்பைத் தடுக்க மெழுகுப் படலமோ, மூடித் திறக்கும் இலைத்துளையோ அதற்கு இல்லை. தேர்ந்த நாற்றுப் பண்ணைக்காரர்களாலேயே காப்பாற்ற முடியாத அந்தப் பெரணியை வார்டு தம் கண்ணாடிக்குள் செழிக்க வைத்தார். செடி வளர்ப்போர் வட்டத்தில் அவர் பெயர் பரவ இது ஒரு காரணம்.

சிட்னிக்குப் போன இரண்டு பெட்டிகள்

அந்தக் காலத்தில் உயிருள்ள செடியைக் கப்பலில் கொண்டுவருவது பெரும்பாடு. மாதக்கணக்கான பயணம். மேல்தளத்தில் வைத்தால் உப்புச் சாரல் கருக்கும். கீழ்த்தளத்தில் வைத்தால் வெளிச்சமின்றி வெளிறும். குடிக்கவே அளந்து கொடுக்கும் நன்னீரைச் செடிக்கு ஊற்ற மாலுமிகள் முகம் சுளிப்பார்கள். சீனாவிலிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பிய செடிகளில் ஆயிரத்தில் ஒன்றுதான் பிழைக்கிறது என்று 1819இல் மக்காவிலிருந்து ஒரு மருத்துவர் கணக்கிட்டு எழுதியிருக்கிறார்.

புட்டியில் பிழைப்பது கப்பலிலும் பிழைக்குமா? வார்டு சோதித்துப் பார்க்கத் துணிந்தார். லண்டன் ஹாக்னியில் புகழ்பெற்ற நாற்றுப் பண்ணை நடத்திய லாடிஜஸ் குடும்பத்தின் ஜார்ஜ் லாடிஜஸ் துணை நின்றார். கெட்டியான மரப்பெட்டி, மேலே கூரைபோல் சரிந்த கண்ணாடி, இடுக்குகளில் பூச்சு. 1833 ஜூனில் பெரணி, பாசி, புல் நிறைந்த இரண்டு பெட்டிகள் பெர்சியன் என்ற கப்பலில் ஏறின. கப்பல் தலைவர் சார்லஸ் மல்லார்ட். ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தபோது செடிகள் ஏறக்குறைய எல்லாமே உயிரோடு இருந்தன.

உண்மையான சோதனை திரும்பும் வழியில். 1834 பிப்ரவரியில் பெட்டிகளில் ஆஸ்திரேலியச் செடிகளை நட்டார்கள். அதற்கு முன் உயிரோடு இங்கிலாந்து வந்திராத ஒரு பவளப் பெரணியும் அதில் இருந்தது. சிட்னியில் கிளம்பும்போது வெப்பம் 32 முதல் 38 டிகிரி செல்சியஸ். ஹார்ன் முனையைச் சுற்றி வரும்போது உறைநிலைக்கும் கீழே 7 டிகிரி. தளத்தில் ஓர் அடி உயரத்துக்குப் பனி. நிலநடுக்கோட்டைக் கடக்கும்போது 49 டிகிரி. நவம்பரில் இங்கிலாந்தை நெருங்கும்போது மறுபடி குளிர். 8 மாதங்களுக்கு மேல் ஆன அந்தப் பயணம் முழுவதும் செடிகளுக்கு ஒரு சொட்டு நீர் விடவில்லை.

கப்பல் வந்ததும் வார்டும் லாடிஜஸும் ஏறிப் பார்த்தார்கள். பெட்டிக்குள் செடிகள் பசுமையாக நின்றன. வழியிலேயே மண்ணில் கிடந்த விதைகள் சில முளைத்தும் இருந்தன. முன்பு 20 செடிக்கு 19 இழந்து வந்த லாடிஜஸ் பண்ணை, அதன்பின் 20க்கு 19 பிழைக்கும் நிலைக்கு வந்தது.

காசாக்காத மனிதர்

வார்டு இதைக் காப்புரிமை செய்து பெட்டிக்கு இவ்வளவு என்று வாங்கியிருக்கலாம். செய்யவில்லை. 1836இல் தாவரவியலாளர் வில்லியம் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தின் மூலம் முறையை எல்லோருக்கும் தெரியப்படுத்தினார். 1838இல் மைக்கேல் ஃபாரடே இந்தப் பெட்டியைப் பற்றிப் பொது உரை நிகழ்த்தினார். 1842இல் மூடிய கண்ணாடிப் பெட்டிகளில் செடி வளர்ப்பது பற்றி வார்டே நூல் எழுதினார். அதன் இரண்டாம் பதிப்பு வந்த 1852இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. முந்திய ஆண்டு லண்டனில் நடந்த உலகப் பொருட்காட்சியில், 18 ஆண்டுகள் நீர் ஊற்றாத செடிகள் கொண்ட புட்டியை மக்கள் வியந்து பார்த்தனர்.

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. ஸ்காட்லாந்தில் மக்கனாக்கி என்பவர் வார்டுக்குச் சில ஆண்டுகள் முன்பே கண்ணாடிக் கலத்தில் பெரணி வளர்த்திருந்தார். ஆனால் எழுதி வைக்கவில்லை, பிறருக்குச் சொல்லவில்லை. அதனால் பெட்டிக்கு வார்டின் பெயரே நிலைத்தது. உங்கள் வயலில் ஒன்று வித்தியாசமாக நடந்தால் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள் என்று நான் விவசாயிகளிடம் சொல்லும்போதெல்லாம் இந்த மக்கனாக்கியை நினைத்துக்கொள்வேன்.

வார்டின் மனம் பணக்காரர் வரவேற்பறையில் இல்லை. தம்மிடம் வைத்தியத்துக்கு வந்த ஏழைகளின் இருண்ட அறைகளில் இருந்தது. ஒரு மலிவுப் பெட்டியில் நாலு பெரணியாவது, கொஞ்சம் கீரையாவது அவர்கள் ஜன்னலில் வளர வேண்டும் என்று விரும்பினார். செடிக்கு வெளிச்சம் தேவைப்படுவதுபோல மனிதனுக்கும் தேவை என்பதை மருத்துவராக வலியுறுத்தினார். சுத்தமான, ஈரமும் வெப்பமும் அளவான காற்று நெஞ்சு நோயாளிகளுக்கு உதவுமா என்றுகூட யோசித்தார். கண்ணாடி மீதிருந்த வரி 1845இல் நீங்கிய பிறகு விலை இறங்கி, நடுத்தர வீடுகளிலும் பெட்டிகள் நுழைந்தன. ஆனால் அவர் நினைத்த ஏழை ஜன்னல்களை அவை பெரிதாக எட்டவில்லை.

பிற்காலத்தில் கிளாப்பம் பகுதிக்குக் குடிபெயர்ந்து பெரிய தோட்டம் அமைத்தார். மருந்தாளுநர் சங்கத்தில் தலைமைப் பொறுப்பு வகித்து, தாம் படித்த செல்சியா மூலிகைத் தோட்டத்தைக் காக்கப் பாடுபட்டார். 1868 ஜூனில் மறைந்தார். அவர் பெயரால் தென்னாப்பிரிக்க நீரோடைப் பாசி இனம் ஒன்று வார்டியா என்று அழைக்கப்படுகிறது. பணம் சேர்க்காதவருக்கு ஒரு பாசியின் பெயர் மிஞ்சியது.

தேயிலை, சின்கோனா, ரப்பர்

பெட்டியின் பலன் பெரிய இடங்களுக்குப் போனது. ராபர்ட் ஃபார்ச்சூன் 1848 முதல் 1851 வரை சீனாவில் சேகரித்த தேயிலையை இந்தப் பெட்டிகளில்தான் இந்தியாவுக்கு அனுப்பினார். தேயிலை விதை சீக்கிரம் முளைப்புத்திறன் இழக்கும். அதனால் பெட்டி மண்ணிலேயே விதைத்துவிட்டார். விதைகள் கப்பலிலேயே முளைத்தன. ஏறத்தாழ 20,000 கன்றுகள் இமயமலைப் பகுதிக்கு வந்தன.

அடுத்தது நம் நீலகிரி. மலேரியாவுக்கு மருந்தான கொய்னா, தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலையில் வளரும் சின்கோனா மரப்பட்டையிலிருந்து வந்தது. 1860இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் பெருவிலிருந்து கொண்டுவந்த கன்றுகள் இங்கிலாந்து வழியே சுற்றி, செங்கடலின் கடும் வெப்பத்தைத் தாண்டி உதகை வந்தபோது நலிந்துபோயிருந்தன. அவை நிலைக்கவில்லை. ரிச்சர்டு ஸ்ப்ரூஸ் ஈக்வடாரில் சேகரித்து, ராபர்ட் கிராஸ் பத்திரமாகக் கொண்டுவந்த சிவப்புப் பட்டை வகைக் கன்றுகள்தான் 1861இல் நல்ல நிலையில் வந்து சேர்ந்தன. உதகை தோட்டத்தின் மெக்ஐவர் அவற்றை வேகமாகப் பெருக்கினார். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் தோட்டங்கள் எழுந்தன. ஒரே வகைப் பெட்டிதான். ஒரு பயணத்தில் கன்றுகள் பிழைத்தன, ஒரு பயணத்தில் செத்தன. பெட்டி மந்திரமல்ல, வெப்பம் அளவு மீறினால் அதுவும் கைவிடும்.

ரப்பர் கதையும் தெரிந்ததே. 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்தவை சுமார் 2,700. அவற்றில் 1,900க்கும் சற்று மேற்பட்ட கன்றுகள் 38 வார்டு பெட்டிகளில் இலங்கைக்கு வந்தன.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. அந்தச் செடிகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த ஆண்டீஸ் மலைவாசிகளுக்கும் சீனக் குடியானவர்களுக்கும் அமேசான் மக்களுக்கும் இதில் பங்கு எதுவும் கிடைக்கவில்லை. வரலாற்றில் லாபம் வேறொருவர் கணக்கில் ஏறியது. நாட்டு ரகங்களையும் மலைப்பயிர்களையும் காத்துவரும் நீங்கள், அவற்றைப் பதிவு செய்து உரிமையைக் காத்துக்கொள்ள வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது இந்தப் பாடத்தினால்தான்.

பெட்டியோடு வந்த தீமை

பெட்டியைப் பார்த்த இங்கிலாந்து மக்களுக்குப் பெரணிப் பைத்தியம் பிடித்தது. 1850களில் அது உச்சத்துக்குப் போனது. வீட்டுக்கு வீடு கண்ணாடிக்குள் பெரணி. விற்பதற்காகப் பாறைகளிலிருந்து கூடை கூடையாகப் பெயர்த்தார்கள். வார்டு உயிர் கொடுத்து வளர்த்த அதே கில்லார்னி பெரணி, இயற்கையில் பல இடங்களில் துடைத்தெடுக்கப்பட்டது. இன்று அங்கே அது சட்டப் பாதுகாப்பில் இருக்கும் அரிய செடி. அருமை தெரிந்ததாலேயே அழிந்தது என்பது வேதனை.

இன்னொன்று மண். செடியோடு மண் போனால், மண்ணோடு புழுவும் பூச்சியும் பூசணமும் போகும். வெப்பநாடுகளைச் சேர்ந்த ஒரு சுத்தியல் தலைப் புழு 1878இல் கியூ தோட்டத்துக் கண்ணாடிக் குடிலில் கண்டறியப்பட்டு, அந்தத் தோட்டத்தின் பெயரையே பெற்றது. செடிப் போக்குவரத்து பெருகப் பெருக, நாடுகள் தடுப்புச் சட்டங்கள் இயற்றின. இந்தியாவில் 1914இல் பூச்சி, நோய் தடுப்புச் சட்டம் வந்தது. வேரில் மண்ணோடு செடியை அனுப்பும் பழக்கம் மெல்ல ஒடுங்கியது.

இது பழங்கதை என்று விட்டுவிட முடியாது. 2008இல் கோவைப் பகுதியில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளியையும் மல்பெரியையும் என்ன பாடு படுத்தியது என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2016இல் பொள்ளாச்சித் தென்னையில் கண்ட சுருள் வெள்ளை ஈ இன்னும் நம்மை விடவில்லை. இரண்டும் வெளிநாட்டிலிருந்து வந்தவை. வெளியூரிலிருந்து கன்று வாங்கினால் இலையின் அடிப்புறத்தையும் வேர்ப் பகுதியையும் பாருங்கள். இரண்டு, மூன்று வாரம் தனியாக வைத்துக் கவனித்த பிறகே தோட்டத்தில் சேருங்கள்.

உங்கள் நாற்றங்காலில் வார்டு

நான் மாணவனாக இருந்தபோது மிளகுக் குச்சிகளைப் பைகளில் நட்டு, பாலித்தீன் கூடாரம் போட்டு மூடினேன். நிழலில் போட வேண்டியதை வெயிலில் போட்டுவிட்டேன். மறுநாள் மதியம் திறந்து பார்த்தபோது குச்சிகள் வெந்துபோயிருந்தன. வார்டு ஏன் வடக்கு ஜன்னலைத் தேர்ந்தெடுத்தார் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. கண்ணாடியோ பாலித்தீனோ, வெளிச்சத்தை உள்ளே விடும், சூட்டை வெளியே விடாது. நேர் வெயில் பட்டால் அது அடுப்பு.

இங்கே ஒரு திருத்தமும் வேண்டும். லண்டனில் வடக்குப் பக்கம் பெரும்பாலும் நிழலே. நம் ஊரில் அப்படியல்ல. சித்திரை முதல் ஆடி வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்து நிற்கும். அந்த மாதங்களில் வடக்குச் சுவரிலும் வெயில் விழும். ஆகவே கூடாரத்தை மர நிழலிலோ 50 சதவீத நிழல்வலையின் கீழோ போடுவதே பாதுகாப்பு.

மிளகுக் கொடி, தேயிலைக் குச்சிகளுக்குக் கூடாரம் போடும்போது முதலில் மண்ணை நன்கு நனைத்து, அதிகப்படி நீர் வடிந்த பிறகே மூடுங்கள். காலையில் பாலித்தீனின் உட்புறம் நீர்த்துளிகள் தெரிந்தால் ஈரம் போதும். துளி இல்லாவிட்டால் தெளிப்பானால் லேசாக நனையுங்கள். நாள் முழுவதும் பனிமூட்டம்போல் மறைத்தால் நீர் அதிகம், சிறிது நேரம் திறந்து விடுங்கள். அழுகிய இலையை உடனே அகற்றுங்கள். மா, முந்திரி, பலாவில் மென்தண்டு ஒட்டுக் கட்டி, ஒட்டுக்குச்சி மேல் பாலித்தீன் உறை மாட்டுவதும் இதே தத்துவம்தான். துளிர் தெரிந்ததும் உறையைக் கழற்றிவிட வேண்டும்.

வேர் பிடித்ததும் ஒரேயடியாகக் கூடாரத்தைப் பிரித்துவிடாதீர்கள். ஈரக் காற்றில் வளர்ந்த இலை மென்மையானது. முதலில் காலை, மாலை மட்டும் ஓரம் திறந்து விடுங்கள். பிறகு நேரத்தைக் கூட்டுங்கள். கடைசியில் முழுதாகத் திறந்து, நிழலைக் குறையுங்கள். திசு வளர்ப்பு வாழைக் கன்றுகளை முதலில் ஈரப்பதம் மிகுந்த குடிலிலும் அடுத்து நிழல்வலையிலும் வைத்துக் கடினப்படுத்துவது இதற்காகவே. அப்படிக் கடினப்படுத்தாத கன்றை விலை குறைவு என்று வாங்கினால் நட்டம் உங்களுக்குத்தான்.

பெரணி வளர்க்க விரும்புவோருக்கும் வழி எளிது. தென்னை, பாக்குத் தோப்பின் நிழலில், அல்லது வீட்டில் நேர் வெயில் படாத இடத்தில் வையுங்கள். செம்மண் 1 பங்கு, மணல் 1 பங்கு, மக்கிய இலைத்தழை 2 பங்கு. நீர் தேங்கக் கூடாது. வாய்க்கால் ஓரமோ தொட்டி ஓரமோ வைத்தால் காற்றில் ஈரம் இருக்கும். பல செடிகளை நெருக்கமாக வைப்பதும் ஈரத்தைக் காக்கும். வாள்பெரணி போன்ற தடித்த இலை வகைகளில் தொடங்குங்கள். பூங்கொத்துக்காரர்கள் இலைக்காக விரும்பி வாங்குவதும் அந்த வகைகளைத்தான். மெல்லிய இலை வகைகளைப் பழகிய பிறகு முயலலாம். ஆனால் மலைக்காட்டிலிருந்து பிடுங்கி வராதீர்கள். நாற்றுப் பண்ணையில் பெருக்கிய செடியையே வாங்குங்கள்.

பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இன்றே ஒரு சோதனை செய்து பாருங்கள். அகன்ற வாய்ப் புட்டி ஒன்றில் அடியில் சிறிது கரித்துண்டு, மேலே மணல், அதன் மேல் கிணற்றோரத்து ஈரமண். சற்று நனைத்து மூடி, நிழலில் வையுங்கள். சில வாரங்களில் பாசியும், காலப்போக்கில் ஒருவேளை பெரணியும் முளைக்கும். முளைத்ததைப் பிள்ளைகளிடமே எழுதி வைக்கச் சொல்லுங்கள். வார்டு தொடங்கியதும் அப்படித்தான்.